ஜெபகனியும் முள்ளெலிக் கற்களும்

ஜெபகனிக்குக் குரல் பெரிது. நாசரேத்தில் அவள் பிறந்த வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான்; அடுப்படியில் இருந்துகொண்டே கிணற்றடியில் நிற்பவரோடு சாவகாசமாகப் பேசுவார்கள். கோயில் பாடகர் குழுவில் அவளைக் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள். ஆசிரியப் பயிற்சி முடித்து, தூத்துக்குடியில் ஒரு மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே தலைமையாசிரியை இன்பமணி டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏளா, பக்கத்து வகுப்புப் பிள்ளையளும் உன் வாய்ப்பாட்டத்தான் சொல்லிக்கிட்டு இருக்கு. கொஞ்சம் மெதுவாத்தான் சொல்லேன்."

"சரி டீச்சர்" என்றாள் ஜெபகனி. அதுவும் வராந்தாக் கடைசி வரைக்கும் கேட்டது.

அப்படிப்பட்டவள் பிற்பாடு பல வருஷம் ஒரு வீட்டுக்குள் கிசுகிசுத்துக்கொண்டு வாழ்ந்தாள் என்று சொன்னால், அவளைத் தெரிந்தவர்கள் யாரும் லேசில் நம்ப மாட்டார்கள்.

அவள் கட்டிக்கொண்டது மாமா மகன் செல்வதுரையை. புதுத் துறைமுகம் கட்டும் வேலையில் அவன் ஓவர்சியர். கப்பல் வந்து நிற்பதற்காகக் கடலுக்கடியில் இருந்த பாறையை வெடிவைத்து உடைத்து, அள்ளி, கரையில் கொண்டுவந்து மலைபோலக் கொட்டியிருந்தார்கள். செல்வதுரைக்கு அந்த மேட்டில் ஒரு கண். மஞ்சள் பாரித்த சுண்ணாம்புக்கல் அது. அதற்குள் அங்கங்கே எலுமிச்சை அளவிலும் பிஸ்கோத்து அளவிலும் ஏதோ புதைந்து கிடக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது சைக்கிள் கேரியரில் ஒரு சாக்கு இருக்கும்.

"கல்லாப் போன கடல் முள்ளெலி, ஜெபா" என்று ஒரு நாள் சொன்னான். "இந்தக் கடலுக்கு முந்தி இங்கன இருந்த கடல்ல கெடந்தது. மனுசன்னு ஒருத்தன் பொறக்கதுக்கு முன்னாடி."

"இதக் கொண்டு என்ன செய்யப் போறீங்க அத்தான்?"

"லீவுல ஒக்காந்து ஒவ்வொண்ணா மண்ண எடுத்துச் சுத்தம் பண்ணணும். உள்ள இருக்கதப் பாத்தன்னா அசந்து போயிருவ."

அவள் அசந்து போகவில்லை. பின்கட்டில் துணி காயப்போடும் இடத்தையெல்லாம் சாக்குகள் அடைத்துக்கொண்டனவே என்றுதான் நினைத்தாள். லீவு என்று ஒன்று அவனுக்கு வரவேயில்லை. பின்கட்டில் சாக்குகள் மட்டும் ஏறிக்கொண்டே போயின.

எழுபத்தொன்றாம் வருஷம் ஆடி மாதம் அது நடந்தது. வெடிக்காமல் போய்விட்டது என்று எல்லோரும் நினைத்த ஒரு குழி, செல்வதுரை குனிந்து பார்க்கும்போது வெடித்தது. துறைமுக லாரி ஓட்டும் பவுல் என்ற திரேஸ்புரத்துப் பையன்தான் அவனைத் தூக்கி லாரியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். உயிர் தங்கியது. இரண்டு கண்ணும் போயின. பத்து விரல்களின் நுனியும் வெந்து, ஆறின பிறகு மெழுகு பூசினாற்போல ஆகிவிட்டன. சுடுவது தெரியும், குளிர்வது தெரியும், மற்றபடி ஒன்றும் தெரியாது. காது மட்டும் போகவில்லை. ஆனால் அதுவும் ஒரு தண்டனையாகத்தான் மிஞ்சியது. பாத்திரம் விழுந்தால், கதவு அடித்தால், யாராவது உரக்கப் பேசினால் தலைக்குள் ஆணி இறங்குகிறது என்று துடிப்பான்.

ஜெபகனி முதலில் ஒரு தவணை லீவு எடுத்தாள். பிறகு வேலையை விட்டாள். துறைமுகத்திலிருந்து வந்த உதவித்தொகையும் நாசரேத்து வீட்டிலிருந்து வரும் அரிசியும் இரண்டு பேருக்குப் போதுமாயிருந்தது.

வீடு குறுகலான ஒரு முடுக்குக்குள் இருந்தது. தெருப்பக்கத்து ஜன்னலைச் செல்வதுரை அடைக்கச் சொன்னான்; காற்றோடு சத்தம் வருகிறதாம். வாசல் கதவும் சாத்தியே இருக்க வேண்டும். போகிறவர் வருகிறவர் அவன் முகத்தைப் பார்க்கக் கூடாது. தட்டித் தட்டி நடக்கக் குச்சி ஒன்று வாங்கிவந்து பவுல் நீட்டினான். அதைச் செல்வதுரை தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். கேட்டதற்கு "ம்" என்பான், "வேண்டாம்" என்பான். மாதக்கணக்கில் அவ்வளவுதான். ஜெபகனி வெறுங்காலில் நடக்கவும், பாத்திரத்தைத் துணி போட்டு அதன்மேல் வைக்கவும், மூச்சால் பேசவும் பழகிக்கொண்டாள்.

மறு வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் பின்கட்டைக் கூட்டலாம் என்று ஒரு சாக்கை நகர்த்தினாள். அதிலிருந்து ஒரு கல் உருண்டு தரையில் மோதி ஒரு பக்கம் பெயர்ந்தது. உள்ளே மொழுமொழுவென்று ஒரு முதுகு தெரிந்தது. அதன்மேல் ஊசியால் குத்திக் குத்தி வரைந்தாற்போல மூன்று இதழ்கள்.

அவளுக்கு அந்தக் கல்மேல் ஆசை வந்ததால் அல்ல, அவன் சுவர்ப்பக்கமிருந்து ஒரு தடவையாவது திரும்ப மாட்டானா என்றுதான் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"அத்தான், இது என்னன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு, பாருங்க என்ற சொல்லுக்காக நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

செல்வதுரை கையை நீட்டி வாங்கினான். விரலால் தடவினான். ஒன்றும் தெரியவில்லை. முகம் கோணியது, வீசி எறியப் போகிறான் என்று நினைத்து அவள் ஓரடி பின்னால் போனாள். அவன் எறியவில்லை. கல்லை மெதுவாகத் தூக்கிக் கீழுதட்டில் வைத்தான். உதட்டின்மேல் இங்கேயும் அங்கேயும் நகர்த்தினான். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"அஞ்சு இதழ் இருக்கணும்" என்றான். "மூணுதான் வெளிய வந்திருக்கு. மிச்சம் ரெண்டும் மண்ணுக்குள்ள இருக்கு. எடுத்துத் தாரியா?"

விபத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் நீளமான பேச்சு அதுதான். "எடுத்துத் தாரேன் அத்தான்" என்றாள். வெளியிலிருந்து யாரும் அவளை உள்ளே தள்ளவில்லை. தானே உள்ளே போய்த் தானே சாத்திக்கொண்டாள் என்று பிற்பாடு எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள்.

எப்படிச் செய்ய வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. அவன் எப்போதோ ஏதோ படித்ததில் பாதி ஞாபகம் இருந்தது. மீதியை அவள் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டாள். காடி ஊற்றிப் பார்த்தாள். மண்ணும் சுண்ணாம்பு, முள்ளெலியின் ஓடும் சுண்ணாம்பு, இரண்டும் சேர்ந்து நுரைத்துக் கரைந்தன. காஸ்டிக் சோடாவைத் துணுக்குத் துணுக்காக மண்மேல் வைத்து ஊறவிட்டால் சில கல்லில் களிமண் இளகியது. அவள் விரல்நுனியும் சேர்ந்து இளகித் தோல் உரிந்தது. கடைசியில் தையல் ஊசிதான் நின்றது. பேனாக்கட்டையில் ஊசியைச் செருகி நூல் சுற்றிக் கட்டிக்கொண்டாள். ஊசியை ஓட்டுக்கு நேராகக் குத்தக் கூடாது. ஓட்டின்மேல் அதைப் படுக்கவைத்தாற்போல் சாய்த்து, மண்ணைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். அந்த ஓடு முட்டை ஓட்டைவிடக் கொஞ்சந்தான் கனம். ஒரு மணி நேரம் தும்மலை அடக்கிக்கொண்டு வேலை செய்தால் ஒரு நகத்தின் அகலம் மண் போகும்.

அதைவிடப் பெரிய பாடு தண்ணீர். கடலில் கிடந்த கல் ஆனதால் அதற்குள் உப்பு ஏறியிருந்தது. அப்படியே காயவிட்டால் உப்புப் பூத்து, ஓடு பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, மாற்றி மாற்றி ஊற்றி உப்பை இறக்க வேண்டும். குழாயில் நல்ல தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். சண்டை போட்டுப் பிடித்த குடத்தில் முதல் குடம் கல்லுக்கு. ஊறின தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பாள். கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி. உப்பளக் காற்று இரவும் பகலும் அடிக்கிற ஊரில், கல்லிலிருந்து உப்பை எடுத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

சுத்தமான கல்லைச் செல்வதுரையிடம் கொடுப்பாள். அவன் உதட்டில் வைத்துப் பார்ப்பான். ஓட்டின்மேல் கடுகில் பாதி அளவுக்குப் பருக்கள் இருக்கும். ஒரு காலத்தில் முள் நின்ற இடம். ஒவ்வொரு பருவையும் சுற்றி ஒரு சின்னப் பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஒரு துளி மண் இருந்தாலும் அவன் உதட்டுக்குத் தெரிந்துவிடும்.

"இங்கன ஊசி கீறிருக்கு ஜெபா."

"தெரியல அத்தான்."

"எனக்குத் தெரியுது."

கோபமாகச் சொல்ல மாட்டான். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்தக் கல்லைத் திரும்ப அவள் மடியில் வைப்பான், அவ்வளவுதான். மறுபடியும் குனிவாள்.

அவன் தேறினான். உட்கார்ந்து சாப்பிட்டான், சவரம் செய்யச் சொன்னான், ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டான். பின்கட்டுச் சாக்கு தீரத் தீரப் பவுல் புதிதாகக் கொண்டுவந்து இறக்கினான். பார்க்கிறவர்கள், "உன்னாலதான் அந்த மனுசன் பொழச்சான்" என்று ஜெபகனியிடம் சொன்னார்கள். அவளுக்கும் அது தெரியும். தெரிந்ததனால்தான் எழுந்திருக்க முடியவில்லை. அவள் கை எவ்வளவு பழகியதோ அவ்வளவு நுணுக்கமாக அவன் கேட்டான். மத்தியான வேளையில் பழைய துறைமுகத்துச் சங்கு ஊதும்போது தலைநிமிர்ந்து பார்த்தால், அடைத்த ஜன்னலின் இடுக்கு வழியாக ஒரு கோடு வெயில் தரையில் நகர்ந்திருக்கும். வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாப்பாட்டுக்கு ஓடும் சத்தம் கேட்கும். சில நாள் குரல்களை வைத்து இது இன்னார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடிக்கப் பார்ப்பாள். வருஷம் போகப் போக அந்தக் குரல்கள் தெரியாதவை ஆகிவிட்டன.

ஒரு சித்திரையில் இன்பமணி டீச்சர் வீட்டுக்கே வந்தார். ஜெபகனி கிசுகிசுப்பதைக் கேட்டு அவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. தொண்டைக்கு ஏதோ வந்துவிட்டதோ என்று கேட்டார். பிறகு அவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஜூன்ல வந்துரு ஜெபா. ரெண்டாம் வகுப்புக்கு ஆளில்ல. காலைல மட்டும் வந்தாலும் போதும். நா மேனேஜர் அய்யாட்ட பேசிட்டேன்."

அவர் போனதும் உள்ளேயிருந்து செல்வதுரை, "டீச்சர் என்னத்துக்கு வந்தாவ?" என்று கேட்டான். சொன்னாள்.

"போ" என்றான்.

"நெசமாவா அத்தான்?"

"போன்னுதான சொல்லுதேன். நா என்ன உன்னக் கட்டியா போட்டிருக்கேன்?"

அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை. பசியில்லை என்றான். மறுநாளும் பசியில்லை. கல்லைக் கொடுத்தால் வாங்கி, உதட்டில் வைக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டான். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். முனகவில்லை, திட்டவில்லை. அடுத்த நாள் ஜெபகனி கட்டில் ஓரத்தில் வந்து நின்று, "நா போகல அத்தான்" என்றாள்.

"உன் இஷ்டம்" என்றான் செல்வதுரை. அன்று மத்தியானம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

அவன் வேண்டுமென்று செய்யவில்லை என்று அவளுக்குத் தெரியும். அதுதான் அவளைக் கொன்றது. ஒரு கயிறு இருந்தால் அறுக்கலாம்.

துறைமுக வேலை முடிந்து, கப்பல் வரத் தொடங்கி, ஊரே அங்கே போய் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தது. கல் மேடு மட்டும் ஒரு ஓரத்தில் அப்படியே கிடந்தது. பவுல் வாரம் தவறாமல் சாக்கோடு வந்தான். ஒரு நாள் அவனை முடுக்கு முனையிலேயே ஜெபகனி நிறுத்தினாள்.

"பவுலு, இனிமே கொண்டாராத."

"ஏன்க்கா?"

"கல்லு தீந்து போச்சுன்னு அண்ணன்ட்ட சொல்லிரு. மேட்ட நிரவிட்டாங்கன்னு சொல்லு."

பவுல் சாக்கைத் தோளில் மாற்றி வைத்துக்கொண்டான். அவன் அப்பா சங்கு குளித்தவர். உயிரோடிருக்கும் முள்ளெலியை மிதித்து அவர் கால் வீங்கிக் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவன் அவன். கல்லாகிப்போன முள்ளெலிமேல் இவர்களுக்கு என்ன இவ்வளவு என்று அவனுக்கு எப்போதுமே ஆச்சரியம்.

"அண்ணன் கண்ணில்லாத மனுசன்க்கா. அவிய மூஞ்சியப் பாத்து எப்படிப் பொய் சொல்லுவேன்?"

"என் மூஞ்சியப் பாரு பவுலு" என்றாள் ஜெபகனி.

பவுல் பார்த்தான். பிறகு சாக்கோடு திரும்பிப் போனான். மறுவாரம் வெறுங்கையோடு வந்து, சொல்லச் சொன்னதைச் சொன்னான். செல்வதுரை "அப்படியா" என்று கேட்டுக்கொண்டான். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப்பிறகு ஜெபகனிக்கு ஊசி லேசாகிவிட்டது. பின்கட்டில் இருப்பது முடிந்தால் எல்லாம் முடிந்தது. ஒவ்வொரு சாக்கு காலியாகும்போதும் அதை உதறி மடித்து வைத்தாள். அடுத்த ஜூன், அடுத்த ஜூன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கடைசிச் சாக்கின் அடியில் ஒரு கல் இருந்தது. வெளியில் பார்க்க ஒன்றும் விசேஷமில்லை. மேல்மண்ணை எடுக்க எடுக்கத்தான் தெரிந்தது: இதற்கு முள் உதிரவில்லை. மற்றதெல்லாம் மொட்டை ஓடு. இதில் மயிரிழை கனத்தில், கண்ணாடிபோல, நூற்றுக்கணக்கான முட்கள் ஓட்டின்மேல் ஒரே பக்கமாகச் சாய்ந்து படிந்திருந்தன, தலைவாரி விட்ட பிள்ளையின் முடிபோல. ஒரு முள்ளைத் தொட்டால் பக்கத்து முள் போய்விடும். தண்ணீர் ஊற்றினால் மிதந்து போய்விடும். ஒவ்வொரு முள்ளுக்கும் அடியில் ஒரு சொட்டுப் பசை தொட்டுவைத்து, அது காய்ந்த பிறகு அடுத்ததுக்குப் போக வேண்டும். பழைய போட்டோ பிலிமை அசிட்டோனில் கரைத்துச் செய்த பசை அது. அதன் நெடியில் தலை சுற்றும்.

மழைக்காலம் முழுக்க அந்த ஒரே கல்லோடு உட்கார்ந்திருந்தாள். ஒளிக்காமல் சொல்ல வேண்டுமென்றால், அவளுக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. விடியற்காலை எழுந்ததும் முதலில் அதைப் போய்ப் பார்ப்பாள். ஏதோ ஒரு நாள் கடலடியில் திடுமென மணல் வந்து மூடி, முள்கூட அசையாமல் அப்படியே அடைபட்டுப் போன ஜீவன். இதற்குமேல் அழகாய் ஒன்றை இந்தக் கையால் செய்ய முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

மாசி மாதம் ஒரு காலையில் வேலை முடிந்தது. செல்வதுரையின் உள்ளங்கையில் துணி விரித்து, அதன்மேல் வைத்தாள். "மெதுவா அத்தான். முள் இருக்கு."

அவன் உதட்டை வைத்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. காற்றுப் படுகிற தூரத்தில் கொண்டுபோனான். முட்களின் நுனிமேல் உதடு ஓடியது. அவன் முகம் மாறியது. கல்யாணமான புதிதில் ஒருமுறை அவளை அப்படிப் பார்த்திருக்கிறான்.

"ஜெபா" என்றான். "உன் கை இப்ப எங்கயோ போயிட்டு. எவனுக்கும் இது வராது."

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதுதான் சமயம், ஜூன் பற்றிச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் சொன்னான்:

"பழச எல்லாத்தையும் மறுபடி எடு. மொத நாள்ல இருந்து செஞ்சது. அப்ப உனக்குக் கை பழகல, எல்லாத்துலயும் கீறல் கெடக்கு. இனி ஒவ்வொண்ணா நல்லாப் பண்ணிரலாம்."

"அது கெடக்கு அத்தான், எரநூறுக்கு மேல."

"இருக்கட்டுமே. அவசரம் ஒண்ணும் இல்லல்ல? நமக்கு வேற என்ன வேல?"

ஜெபகனி சுவர் அலமாரியைப் பார்த்தாள். தட்டுத் தட்டாக, பஞ்சின்மேல், இத்தனை வருஷமாகக் குனிந்து குனிந்து எடுத்தவை எல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. கழுத்து நரம்பு இழுத்தது. அவன் கையிலிருந்து அந்த முள்ளோடிருந்த ஒன்றை எடுத்தாள். இரண்டு கட்டைவிரலையும் அதன் நடுவில் வைத்து அழுத்தினாள்.

சுட்ட அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

"கை தவறிட்டோ?" என்றான் செல்வதுரை.

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதற்கு அவனே வழியும் விட்டிருந்தான்.

"தவறல" என்றாள் ஜெபகனி. "நாந்தான் ஒடச்சேன்." அது அவளுடைய பழைய குரலில் வந்தது. செல்வதுரை இரண்டு கையாலும் காதைப் பொத்தினான். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "கல்லு தீரல அத்தான். நாந்தான் பவுல்ட்ட சொல்லி நிப்பாட்டினேன். மேடு அப்படியேதான் கெடக்கு. ஜூன்ல நா பள்ளிக்கூடம் போகணும். நீங்க சாப்பிட்டாலும் போவேன், சாப்பிடாட்டாலும் போவேன்."

அவன் காதிலிருந்து கையை எடுக்க வெகுநேரம் ஆயிற்று. அவள் அதற்குள் அழுது முடித்திருந்தாள்.

"மேடு கெடக்கது எனக்குத் தெரியும்" என்றான். "அத நா பாத்திருக்கேன்லா. அத்தன பாறைய எவன் நிரவப் போறான்?"

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா நீ நெசத்தச் சொல்லிருவன்னு பயமா இருந்துச்சு."

பிறகு, "துண்ட எல்லாம் பொறுக்கு. ஒண்ணு விடாத" என்றான். அவள் தரையில் தவழ்ந்து பொறுக்கி ஒரு பவுடர் டப்பாவில் போட்டு அவன் கையில் கொடுத்தாள். முட்கள் தூளாகிவிட்டிருந்தன. ஓடு மட்டும் பெரிதும் சிறிதுமாக உடைந்திருந்தது.

ஈஸ்டர் வரைக்கும் அவன் அவளோடு பேசவில்லை. ஆனால் சாப்பிட்டான். சுவரைப் பார்த்துப் படுக்கவுமில்லை. அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டாக எடுத்து உதட்டில் வைத்து ஓரத்தைப் பார்த்தான். ஒரு துண்டின் விளிம்பும் இன்னொன்றின் விளிம்பும் சேருகிறதா என்று உதட்டாலேயே பொருத்திப் பார்த்தான். சேராததைத் துணியில் இடப்பக்கம் வைத்தான், சேருவதுபோல் இருந்ததை வலப்பக்கம். ஜெபகனி பக்கத்தில் போய், "இது இதோட சேரும்" என்று ஒரு நாள் எடுத்துக் கொடுத்தாள். "நீ விடு" என்று கையைத் தட்டிவிட்டான். விபத்துக்குப் பிறகு அவள் கை வேண்டாம் என்று அவன் சொன்னது அப்போதுதான். அவளுக்கு வலித்தது. வலிப்பானேன் என்றும் இருந்தது.

இன்பமணி டீச்சர் மறுபடி இடம் வாங்கிக் கொடுத்திருந்தார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று, சோற்றை மூடிவைத்து, தண்ணீரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் எட்டும்படி வைத்து, பவுலிடம் மத்தியானம் ஒரு எட்டு வந்து பார்க்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். முடுக்கு முனை வரைக்கும் நடந்தவளுக்கு, திரும்பிப் போய்விடலாமா என்று கால் இழுத்தது. ஒரு ரிக்‌ஷாக்காரர் மணியடித்து வழி கேட்டார். ஓரம் ஒதுங்கி நடந்தாள்.

பள்ளி விட்டு வந்து கதவைத் தள்ளினால், செல்வதுரை தரையில் உட்கார்ந்து இருந்தான். பசைக் குப்பி கவிழ்ந்து, வேட்டி எல்லாம் பசை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"என்ன அத்தான்?"

"உம்" என்றான். வாய் திறக்கவில்லை.

கிட்டே போய்ப் பார்த்தாள். ஓட்டுத் துண்டு ஒன்று அவன் கீழுதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. பசை காயும் முன்னால் பொருத்திப் பார்த்திருக்கிறான். பிடுங்கப் பயந்துகொண்டு காலையிலிருந்து அப்படியே இருந்திருக்கிறான். பவுல் வந்து கதவைத் தட்டியபோது, இந்தக் கோலத்தில் எப்படிப் பதில் சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டான். அவன் தூங்குகிறான் என்று நினைத்துப் பவுலும் போய்விட்டான்.

ஜெபகனி தேங்காயெண்ணெயைச் சூடாக்கிப் பஞ்சில் தொட்டு, துண்டின் ஓரத்தில் விட்டு விட்டு ஊறவைத்தாள். அவன் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது. இத்தனை நாளும் அவள் பார்த்தது கல்லைத்தான். துண்டு மெதுவாகக் கழன்று வந்தது, கூடவே கொஞ்சம் தோலும்.

"சிரிக்கியா?" என்றான்.

"இல்ல."

"சிரிச்சாச் சிரியேன்."

அவள் சிரித்தாள். அவனும் சிரிக்கப் பார்த்து, உதடு எரிந்ததில் நிறுத்திக்கொண்டான். பிறகு, "நாளைக்கும் போவியா?" என்று கேட்டான்.

"போவேன்."

"ம்" என்றான்.

அந்த முள்ளெலியை ஒட்டி முடிக்க அவனுக்கு அடுத்த மார்கழி வரைக்கும் ஆனது. ஒரு நாள் கையில் கொடுத்து, "எப்படி இருக்கு, மறைக்காமச் சொல்லு" என்றான். ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் இறங்கி, பசை வழிந்து, இதழ்கள் ஒன்றோடொன்று சேராமல் இருந்தது.

"கோணலா இருக்கு அத்தான்."

"ரொம்பக் கோணலா?"

"ரொம்பத்தான்."

"சரி, அலமாரில வை" என்றான். பவுலிடம் சொல்லி, மேட்டில் கிடக்கும் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிவரச் சொன்னான். முழுசு வேண்டாம், உடைந்தது போதும் என்றான். பவுலுக்கு அது இன்னும் ஆச்சரியம்.

அவன் வாசலைத் தாண்டவில்லை. ஜன்னல் திறக்கவில்லை. ஜெபகனி வெளியிலிருந்து வந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவாள். வார நாளில் பள்ளிக்கூடம். சனிக்கிழமை மட்டும் அவனுடையது என்று பேசாமலே ஒரு ஏற்பாடு ஆகியிருந்தது. பழைய கல் ஒன்றை எடுத்து அவள் மடியில் வைப்பான், அவள் ஊசியை எடுப்பாள். வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் அவன் வற்புறுத்தியிருக்க மாட்டான். அவள் சொன்னதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை கடைசி மணியடித்து, பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதே அவளுக்குத் தோள்பட்டை இறுகத் தொடங்கிவிடும். இன்பமணி டீச்சர் அதைக் கவனித்து, "என்ன ஜெபா, ஒடம்புக்கு முடியலியா?" என்று கேட்பார். ஒன்றுமில்லை டீச்சர் என்று சொல்லிவிட்டு, கரும்பலகையை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகத் துடைத்துவிட்டு, மெல்ல வீட்டுக்கு நடப்பாள்.